சுடுதண்ணீருக்கு ஓடிய சனிக்கிழமை

ஓடுகிறேன். ஐம்பத்தாறு வயது. காலில் ரப்பர் செருப்பு. அதில் ஒன்று கழன்று போய்விட்டது. வயிறு எனக்கு முன்னால் ஓடுகிறது.

“ஸ்ப்ரே! ஸ்ப்ரே! உள்ளே போ! அவளை உள்ளே கொண்டுபோ!”

கத்துவது ராய். என் மகளின் மாமனார். எனக்குச் சம்பந்தி. எழுபத்தேழு வயது. இடது முழங்காலுக்குள் உலோகம். அந்த மனிதர் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறார்.

சனிக்கிழமை காலை. நியூசிலாந்தில் ஹில்ஸ்பரோ. எங்கள் வீட்டு வாசல். தெருவோரப் புல்லின்மேல் வெள்ளையாக ஏதோ படர்கிறது. ஒரு லொறி உறுமுகிறது. அதற்கு மேலே இன்னொரு சத்தம். மெல்லியது. விடாமல் சீறுகிறது. ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஒருவன் நீளக் குழாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் தபால்பெட்டியை நோக்கி வருகிறான்.

தபால்பெட்டிக்குப் பக்கத்தில் என் மகள் ஆரணி. ஐந்து மாதக் கர்ப்பம். கையில் கோப்பி. வேடிக்கை பார்க்கிறாள்.

ராய் அவளின் வலது கையைப் பிடிக்கிறார். நான் இடது கையை. இழுக்கிறோம். கோப்பி புல்லில் கொட்டுகிறது.

“அப்பா, விடுங்கோ. ஐ ஆம் பிரெக்னன்ட். எனக்கு நெருப்பு ஒண்டும் பிடிக்கேல்ல.”

கதவு. தாழ்ப்பாள். ஜன்னல்கள். ராய் குளியலறைத் துவாயை நனைத்துக் கதவின் அடியில் திணிக்கிறார். பழகிய கை. நான் எதற்காக ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளே போ என்று அந்தக் குரலில் யாராவது கத்தினால் என் கால்கள் என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

குசினிக்குள் என் மனைவி வசந்தி. அடுப்பு அணைந்திருக்கிறது. அவள் மேசைக்குக் கீழே குந்தியிருக்கிறாள்.

“பிளேனோ?”

விமான நிலையம் மங்கரேயில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வானத்தில் நாள் முழுக்க விமானம்தான். இத்தனை வருடத்தில் அவள் ஒன்றையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்கு அங்கேதான் வேலை, சரக்குப் பகுதியில். விமானத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடியவன், விமானத்துக்குப் பெட்டி ஏற்றிப் பிழைக்கிறேன். விதிக்கு நகைச்சுவை வராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டதும் நான் ஹில்ஸ்பரோவில் இல்லை.

யாழ்ப்பாணம். பங்குனி. வெயில். என் அம்மானின் வெங்காயத் தோட்டம். அம்மானின் மகன் கதிர், வசந்திக்குத் தம்பி, பாத்திக்கு மருந்தடிக்கிறான். பத்தொன்பது வயது. முதுகில் மருந்துத் தாங்கி. முதுகு எங்கள் பக்கம். சத்தம் வடக்கிலிருந்து வருகிறது. முதலில் வண்டு. பிறகு இரைச்சல். குத்தி இறங்கும்போது புதுச் சீலை கிழிகிற சத்தம். நாங்கள் ஏழு பேர் பங்கர் வாசலில் நின்று கத்துகிறோம். “கதிர்! ஓடு! விழுந்து படு!” அவன் நிதானமாக அடுத்த பாத்திக்குப் போகிறான். எங்கள் சத்தத்துக்கு அவன் திரும்பவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கதவு தட்டப்படுகிறது.

ராய் என் தோளைப் பிடித்து அழுத்துகிறார். திறக்காதே. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் ஆரஞ்சு மேற்சட்டைக்காரன். சமோவா இளைஞன். கையில் என் செருப்பு.

“எல்லாரும் ஓகேயா, ப்ரோ? இது வெறும் சுடுதண்ணி. களைக்கு.”

சுடுதண்ணீர். எங்கள் தெருவில் களையைக் கொதிநீர் ஊற்றிக் கொல்கிறார்கள். வெள்ளையாகப் படர்ந்தது நீராவி. இரண்டு போர்களில் தப்பியவர்கள், ஆளுக்கொரு போர், சேர்ந்து ஓடியது தேத்தண்ணி போடுகிற தண்ணீருக்கு.

“அதைக் குடிப்பியா?” ராய் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை.

“தேயிலை போட்டுத் தந்தால் குடிப்பேன், அங்கிள்.”

ஆரணி சிரித்தாள். நானும். ராய் சிரிக்கவில்லை. கதவடித் துவாயைக் காலால் இன்னும் இறுக்கினார்.

இந்த இடத்தில் நான் கல்யாண விசாரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகள் தனக்கு ஒரு கிவி, அதுதான் இந்த நாட்டு வெள்ளைக்கார, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டாள். லியம். எலெக்ட்ரீசியன். நல்ல பிள்ளை. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகும் விசாரித்தோம். விசாரிக்காமல் பெண் கொடுத்தால் எங்களுக்கு நித்திரை வராது. லியமின் தகப்பன் ராய் இருப்பது மாசி என்கிற புறநகரில். அதே தெருவில் என் நண்பன் சுந்தர் இருக்கிறான். மதுரைக்காரன், கணினி வேலை. அவனைத்தான் ஒற்றனாகப் போட்டேன்.

“அண்ணே, விசாரிச்சுட்டேன். குடி கம்மி. சண்டை சச்சரவு கிடையாது. பொண்டாட்டி தவறிட்டாங்க. வீட்டு முன்னாடி லான் பாக்கணுமே, ஒரு களை கிடையாது. மருந்தே அடிக்கறதில்ல, முட்டி போட்டு ஒவ்வொண்ணா கையாலயே புடுங்குறாரு. ஆர்கானிக் ஆளு போல.”

“பரம்பரை வருத்தம் ஏதும்?”

“அதை நான் எப்படிண்ணே கேக்கறது? நீங்களே கேளுங்க.”

கேட்டேன். நிச்சயதார்த்த விருந்தில். வசந்தி இடியப்பம் வைக்கும்போது ராயிடம் நேராகவே கேட்டேன். உங்கள் குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது நோய் உண்டா? ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்கிற கேள்வியா என்று ஆரணி மேசைக்குக் கீழே என்னை உதைத்தாள். ராய் முகம் சுளிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். இல்லை என்றார். தன் தகப்பன் தொண்ணூற்றொரு வயது வரை மாடு கறந்தார் என்றார். எனக்குத் திருப்தி. வசந்தி இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

ராய் வியட்நாம் போனவர் என்று தெரியும். லியம் சொல்லியிருந்தான். அதை நாங்கள் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டோம். அரசாங்க உத்தியோகம் மாதிரி.

இப்போது அந்த மனிதர் என் குசினி மேசையில் இருக்கிறார். லியம் கூரையோர மழைநீர்ப் பீலிக்குள் சருகு அள்ளிக்கொண்டிருந்தவன், சத்தம் கேட்டு ஏணியால் இறங்கி வந்து வாசலில் நிற்கிறான். கையுறை இன்னும் கையில். ராய் ஆங்கிலத்தில் சொன்னார். என் தமிழில் எழுதுகிறேன். வாக்கியங்கள் அவருடைய நீளத்தில்தான் இருக்கின்றன.

“இருபத்தொரு வயது. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கம். விமானம் தாழப் போகும். பிறகு ஈரம். சட்டை நனையும். கொசுவுக்கு என்று சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. சில நாளில் மரத்தில் இலை இல்லை. ஒரு இலைகூட. பறவை இல்லை. அந்த மருந்தின் காலி பீப்பாய்கள் கிடந்தன. சுற்றி நிறக் கோடு போட்டது. ஒன்றைப் பாதியாக வெட்டினோம். நியூசிலாந்துக்காரர் அல்லவா. அதில் இறைச்சி சுட்டோம்.”

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

“திரும்பி வந்தேன். ஜூனைக் கட்டினேன். ரூத் பிறந்தாள். முதுகு மூடவில்லை. இங்கே.” தன் இடுப்புக்கு மேலே தொட்டுக் காட்டினார். “ஜூன் அவளைக் குப்புறத்தான் தூக்குவாள். பதினொரு நாள்.”

“டாட், அவளுக்கு இருதயத்தில வருத்தம் எண்டு சொன்னாய்,” என்றான் லியம்.

“ஓம். சொன்னேன்.”

“ஏன்?”

“இருதயம் என்றால் ஒருவரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.”

பிறகு மூன்று தரம் கரு தங்கவில்லை. பிறகு ஜூன் முயற்சியை விட்டுவிட்டாள். விட்டு வெகு வருடம் கழித்து, யாரும் எதிர்பார்க்காமல், லியம். பிறந்த அன்று ராய் முகத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதும் தப்பான நேரத்தில் வரும். இந்த முறையும் தவறவில்லை.

“நான் உங்களிட்டக் கேட்டனான். முகத்துக்கு முகம் கேட்டனான்.”

“கேட்டாய், ஜெய். குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது உண்டா என்று. இல்லை. என் அப்பாவிடம் இல்லை. அவருடைய அப்பாவிடம் இல்லை.” என்னை நேராகப் பார்த்தார். “என்னிலிருந்துதான் தொடங்குகிறது.”

நாங்கள் பின்னால் பார்க்கிற சனம். ஏழு தலைமுறை தோண்டுவோம். எதிரே இருந்து இடியப்பம் சாப்பிடுகிறவரிடம் உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்க மாட்டோம். அது மரியாதை இல்லை. முட்டி போட்டுக் களை பிடுங்குகிறார் என்று சுந்தர் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். சிக்கனமான ஆள் என்று நினைத்தேன். சாட்சியம் அவருடைய லானில் கிடந்தது. தெருவே பார்த்தது.

ஆரணி வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

“அப்ப என்ர பேபி?”

ஐந்தாம் மாத ஸ்கான் வியாழக்கிழமை. முதுகெலும்பை அன்றைக்குத்தான் பார்ப்பார்கள். லியம் திரும்ப ஏணியில் ஏறினான். பீலிக்குள் அகப்பை உரசுகிற சத்தம் மத்தியானம் வரை கேட்டது. அந்தப் பீலியில் அவ்வளவு சருகு இல்லை.

செவ்வாய்க்கிழமை. ஆரணிக்குப் பேறு பார்க்கிற மிட்வைஃப் எங்கெல்லாமோ தொலைபேசி அடித்து, மரபணு ஆலோசகர் ஒருவரிடம் இடம் பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சின்ன அறை. தம்பதிக்கு இரண்டு நாற்காலி. நாங்கள் ஐந்து பேர் போனோம். எங்கள் சனம் அப்படித்தான் போகும். அந்த ஆலோசகப் பெண் வெளியே போய் நாற்காலி தேடிக் கொண்டுவந்தாள். வசந்தி அவளுக்கு வடை கொடுத்தாள்.

பெரிய தாள். பென்சில். ஆண் என்றால் சதுரம். பெண் என்றால் வட்டம். செத்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. முதலில் ராயின் பக்கம். சதுரம் ராய். வட்டம் ஜூன், கோடு. வட்டம் ரூத், கோடு. தங்காத கருக்களுக்கு மூன்று சின்ன முக்கோணம், மூன்று கோடு. சதுரம் லியம். ராய் அந்தப் பென்சில் முனையை விட்டுக் கண் எடுக்கவில்லை. மகள் பிறந்தாள் என்பதற்கு ஒரு படத்தை அவர் அன்றுதான் முதல்முறை பார்த்திருக்க வேண்டும்.

தகப்பன் பட்ட நஞ்சு பேரப்பிள்ளை வரைக்கும் போகுமா? லியம் கேட்டான். போகும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்றாள் அந்தப் பெண். போகாது என்று சொல்லவும் இல்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவள்.

பிறகு எங்கள் பக்கம்.

நான் முதுகை நிமிர்த்தினேன். ஒத்துக்கொள்கிறேன், அதுவரை எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. நான் பாதிக்கப்பட்ட பக்கம். பெண் கொடுத்த பக்கம். “எங்கட பக்கம் ஒண்டும் இல்லை,” என்றேன். கேள்வி முடியவில்லை, அதற்குள் சொன்னேன். யாழ்ப்பாணத்தான் இந்தப் பதிலோடுதான் பிறக்கிறான்.

“கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் உறவா?”

வசந்தியின் பாதம் என் பாதத்தின்மேல் ஏறியது. அழுத்தியது.

“சொந்த அம்மான்ர மகள்,” என்றேன். “முறை மச்சாள்.”

பென்சில் நின்றது. எனக்கும் வசந்திக்கும் இடையில் இருந்த கோட்டுக்குக் கீழே அந்தப் பெண் இன்னொரு கோடு இழுத்தாள். சொந்தத்துக்குள் கட்டினால் இரட்டைக் கோடாம். பிறகு கேட்டாள், வசந்தியின் தகப்பனும் தாயும்? அவர்களும் மச்சான் மச்சாள்தான். இன்னொரு இரட்டைக் கோடு. தாளில் எங்கள் பக்கம் ரயில் பாதை மாதிரி வந்துகொண்டிருந்தது. ராயின் பக்கம் எல்லாம் ஒற்றைக் கோடு.

“உங்களுக்குச் சகோதரர்?” வசந்தியைக் கேட்டாள்.

“ஒரு தம்பி. கதிர். குண்டு விழுந்து செத்தவன்.”

சதுரம். கோடு. பென்சில் அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. அங்கேயே முடிந்திருக்கலாம். லியமிடமும் நாங்கள் அவ்வளவுதான் சொல்லியிருந்தோம். ஆரணிக்கும் அவ்வளவுதான் தெரியும். அதில் ஒரு சொல் பொய் இல்லை.

வசந்தி ராயைப் பார்த்தாள். என் பாதத்திலிருந்து காலை எடுத்தாள்.

“அவனுக்குக் காது கேளாது,” என்றாள். “பிறவியில. பிளேன் வந்தது அவனுக்குத் தெரியாது. நாங்கள் கத்தினது தெரியாது. குண்டு எல்லாருக்கும்தான் விழுந்தது. அவன்தான் கேளாமல் நிண்டவன்.”

ஒரு வடை காகிதத் தட்டில் சரிந்தது. அது கேட்டது.

“அம்மா, ஏன் சொல்லேல்ல?” ஆரணி.

“சொன்னா உன்னை ஆர் கட்டுவினம்?”

“லியம் கட்டியிருப்பான்.”

“அது அப்ப எனக்குத் தெரியாதே, பிள்ளை.”

அந்தப் பெண் கதிரின் சதுரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று எழுதினாள். லியமிடமும் அதே குறை மறைந்திருந்தாலொழியக் குழந்தைக்கு வர வாய்ப்புக் குறைவு என்றாள். பிறந்ததும் காதைச் சோதிப்பார்கள் என்றாள். ராய் எழும்பினார். உலோக முழங்கால் சொடுக்கியது. வசந்தியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். தொடவில்லை. எங்கள் பெண்களைத் தொடக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வியாழன். ஸ்கான் அறைக்குள் ஆரணியும் லியமும் மட்டும். வசந்தியும் நானும் நடைபாதையில். ராய் கார் நிறுத்துமிடத்தில். உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். ஜூனோடு வந்தபோது உள்ளே இருந்தாராம்.

கதவுக்குப் பின்னால் இயந்திரத்தின் முனகல். ஆட்கள் கதைக்கிற சத்தம். சிரிப்பு ஒன்று. பிறகு கதை நின்றது. முனகல் மட்டும். நான் அந்த அமைதியைக் கேட்டிருக்கிறேன். விமானம் சுற்றித் திரும்புகிற நேரத்து அமைதி.

“ஏன் ஒருத்தரும் கதைக்கினம் இல்லை?”

“வேலை செய்யினம்.”

“வேலை செய்யேக்க வாய் ஓடாதோ? நீங்கள் செய்யேக்க ஓடுதுதானே?”

வசந்தி என் சட்டைக் கையை முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தச் சட்டை பிறகு நேராகவில்லை.

கதவு திறந்தது. லியம். எங்களைப் பார்த்தான். தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. நிற்கவில்லை, வெளியே ஓடினான். நான் பின்னால் ஓடினேன். ஒரு வாரத்தில் இரண்டாம் தரம். என் டொக்டர் சந்தோஷப்படுவார்.

ராய் காரில் சாய்ந்து நின்றார், எங்களுக்கு முதுகு காட்டி. லியம் கூப்பிடவில்லை. நேராகப் போய், தகப்பனின் கழுத்துக்குக் கீழே ஒரு விரலை வைத்தான். அங்கேயிருந்து முதுகெலும்பின் வழியே கீழே இழுத்தான். மெதுவாக. ஒவ்வொரு எலும்பாக. இடுப்புவரை.

“இங்கேயிருந்து. இங்கே வரைக்கும்,” என்றான். “மூடியிருக்கு, டாட்.”

ராய் திரும்பவில்லை. கார்க் கூரையில் நெற்றியை வைத்தார். மங்கரே பக்கம் ஒரு விமானம் இறங்கியது. நாங்கள் மூவரும் அதை நிமிர்ந்து பார்த்தோம்.

“மற்றது?” என்று ராய் கேட்டார்.

மற்றதை ஸ்கான் காட்டாது. லியமின் உடம்புக்குள் என்ன இருக்கிறது, அதில் எது போயிருக்கிறது, யாருக்கும் தெரியாது. எந்த இருபது வயதில், எந்த முப்பதில் தெரியவரும் என்றும் தெரியாது. வெங்காயப் பாத்தியில் கதிருக்கு மாற்றாள் நான். வெறுங்காலோடு அதே தாங்கியைச் சுமந்தேன். ஒழுகுகிற தாங்கி. என் முதுகும் நனைந்தது. எதை அடித்தோம் என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே கணக்கு.

ரூத். பதினொரு நாள்.

மூன்று முக்கோணங்கள். பெயர் இல்லை. ஜூன் பெயர் வைத்திருந்தாளா என்று ராய்க்குத் தெரியாது. கேட்டதில்லை.

ஜூன். கடைசிவரை அது தன் உடம்பின் பிழை என்று நினைத்துப் போனாள்.

அந்த அரைப் பீப்பாயைச் சுற்றி நின்று இறைச்சி தின்றவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் உயிரோடு நாடு திரும்பினார்கள். அதை வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். இன்று இருப்பது ராயும் இன்னொருவரும். அந்த இன்னொருவர் தொலைபேசி எடுப்பதில்லை.

கதிர். பத்தொன்பது வயது. பங்கர் வாசலில் நின்று கத்தியவர்கள் ஏழு பேர். மிச்சம் நான்கு. அதில் இருவர் ஹில்ஸ்பரோவில்.

ஒரு வெங்காயத் தோட்டம். ஒரு ரப்பர் தோட்டம். ஒரு கோப்பிக் கோப்பை.

ராய் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். தெருவோரப் புல்லில் முட்டி போட்டு, சுடுதண்ணீர் லொறி வருவதற்கு முன், கையால் பிடுங்குகிறார். நானும் பக்கத்தில் குந்துகிறேன். எனக்குக் களை எது, புல் எது என்று தெரியாது. அவர் பார்க்காத நேரம் எதையாவது பிடுங்குகிறேன்.

கோடை முடிவதற்குள் ஒருவர் வர இருக்கிறார். அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பெண் வரைந்த தாளின் அடியில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டாம் என்று ஆரணி சொல்லிவிட்டதால் சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. சாய்ந்த ஒரு சின்னக் கட்டம். மேலே ஒரு பக்கம் கோடு விழுந்த வட்டமும் முக்கோணங்களும். மறுபக்கம் எங்கள் ரயில் பாதை. எல்லாம் வந்து சேருவது அந்தக் கட்டத்தில்.

அதன் குறுக்கே கோடு இல்லை.